கல்லாகிப்போன பூனை

பழைய பேப்பர் கடையில் கிடந்த காமிக்ஸிலிருந்து, எதிரியைக் கல்லாக்கும் மந்திரத்தை ஓர் எலி மனப்பாடம் செய்திருந்தது. பூனை பாய்ந்து வந்தபோது, படத்திலிருந்த மந்திரவாதி மாதிரியே கையைத் தூக்கி, "ஜிம்பா ஜிகினி" என்றது.

பூனை கொஞ்சம் யோசித்தது. பிறகு அசையாமல் நின்று, "கல்லாயிட்டேன்" என்றது.

மறுநாளே எலிகள் அதற்குக் குங்குமம் பூசி, பால் படைத்துக் கும்பிட்டன. கிண்ணம் காலியானது.

"கல்லு பால் குடிக்குமா?" என்று கேட்டது ஒரு சுண்டெலி.

"சக்தியுள்ள கல்லு குடிக்கும்" என்றது மந்திரம் சொன்ன எலி. இப்போது அதுதான் பூசாரி.

கூட்டம் பெருகியது. கும்பிடப் போன எலிகளில் சில திரும்பி வரவில்லை. சுண்டெலி அதையும் கேட்டது.

பூசாரி காமிக்ஸைப் புரட்டிக் காட்டியது. "மறைஞ்சு போற மந்திரம் அடுத்த பக்கத்துலயே இருக்கு, பாரு."

கல் மெதுவாக ஏப்பம் விட்டது.