எட்டுக் கிலோ

“தைராய்டு இருக்கிற பொண்ணு, எட்டுக் கிலோ குறைஞ்சிருக்கா. எல்லாம் நம்ம கடல்பாசி மாத்திரைதான்,” என்றார் முதலாளியின் மனைவி டெல்ஃபினா. பான்சிட் நூடுல்ஸ் தட்டும் கையுமாக அந்த மணிலா அலுவலகமே ஜெனலினை ஏற இறங்கப் பார்த்தது.

“எப்படிச் சாப்பிட்டேன்னு நீயே சொல்லும்மா.”

ஜெனலின் வாங்கிய மூன்று மாத்திரை பாட்டில்களும் மூடி திறக்காமல் மேசை இழுப்பறையில் கிடந்தன. டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் தவிர எதையும் அவள் விழுங்கியதில்லை. எதிரே முதலாளி புன்னகையோடு நின்றார்.

“சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு, மேடம்.”

கைதட்டல் ஓய்வதற்குள் மேடத்தின் மாத்திரைப் பெட்டி அவள் கைக்கு வந்தது.

“நாளையிலேர்ந்து என் இடத்துல நீதான் விக்கணும். காலையில என்னை மாதிரியே லிஃப்ட்ல நின்னுக்கோ. ஏழு மாடி வர்ற வரைக்கும் ஒருத்தரும் எங்கயும் ஓட முடியாது.”

மறுநாள் பெட்டியோடு லிஃப்ட் முன் நின்றாள். அதில் ஏறி ஆறு மாதமாகிறது. உள்ளே மேடம் நிற்பாரே என்று பயந்து தினமும் ஏழு மாடியையும் படியிலேயே ஏறியவள் அவள். எட்டுக் கிலோவும் அங்கேதான் கரைந்தது.

கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை.

பக்கத்துப் படிக்கட்டில் ஏகப்பட்ட காலடிச் சத்தம். நடுவே ஒரு குரல்: “மெதுவா ஏறுங்கடி, கீழ ஜெனலின் நிக்கிறா.”