உப்பு பார்த்துச் சொல்லும்மா

"இந்தா, ஒரு வாய் உப்பு பார்த்துச் சொல்லும்மா."

கரண்டி மூக்குக்கு நேரே வந்து நின்றது. மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தினமும் இதே ரோதனை. அவளுக்குக் காலையில் ரொட்டியும் முட்டையும்தான் இறங்கும். மாமியாருக்கோ கீரைக் கஞ்சி. அதுவும் கடைக் கீரை ஆகாது. விடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், வேலியோரம் தானாக முளைத்துக் கிடப்பதைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்தால்தான் அவருக்குத் திருப்தி.

"ஆடு மாடு தின்கிறதை மனுஷங்க தின்னணுமா அத்தை?" என்று கல்யாணமாகி வந்த புதிதிலேயே கேட்டுவிட்டாள். மாமியார் சிரித்துக்கொண்டே ரொட்டி சுட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து ரொட்டி தனி, கஞ்சி தனி. வம்பில்லை.

இந்தக் கரண்டித் தொல்லை மட்டும் ஒரு வருஷமாகத்தான்.

"ஏன், அவங்க வாய்க்கு என்ன கேடு? தினம் ஒரு வாயா ஊட்டி ஊட்டி என்னையும் தழை தின்ன வைக்கப் பார்க்கிறாங்க" என்று புருஷனிடம் பொருமுவாள். அந்தப் புண்ணியவான், "ஒரு வாய்தானே, பார்த்துச் சொல்லேன்" என்று வேலைக்கு நழுவிவிடுவான்.

இன்றைக்கு வீட்டில் பரபரப்பு வேறு. நர்ஸ் பெண்கள் தங்கும் விடுதியை நடத்துகிற அம்மாள் நேரில் வருகிறார். தினம் ரொட்டியே தின்று நாக்கு செத்துப்போச்சு, வீட்டுச் சமையல்தான் வேணும் என்று பெண்கள் ஒரே பிடிவாதமாம். கை ருசி பிடித்துவிட்டால், நாற்பது பேருக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிற வேலை மாமியாருக்கு. ஐம்பத்து மூன்று வயதில் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு வேலை. நான்கு நாளாக அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பதற்றத்தில் மருமகளின் ரொட்டியைக் கரியாக்கிவிட்டார்.

"பக்கத்துலயே நிக்கிறீங்க, கருகுற வாடைகூடவா தெரியலை? உங்க கஞ்சியா இருந்தா இப்படி விட்டிருப்பீங்களா?"

"அடடா, கவனிக்கலைம்மா. வேற சுட்டுத் தரேன்."

"ஒண்ணும் வேண்டாம். மருந்துக்கடைக்கு நேரமாச்சு. இன்னிக்கு நான்தான் கடை திறக்கணும்."

அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் கரண்டி வந்து நின்றது.

வாயில் வைத்தாள். உப்பென்றால் உப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற உப்பு! கை மறதியில் இரண்டு தடவை போட்டிருக்கிறார். இரண்டு செம்பு வெந்நீர் ஊற்றி, இன்னும் கொஞ்சம் கீரையைப் போட்டால் சரியாகிவிடும்.

சொல்ல வாயெடுத்தாள். தட்டில் கிடந்த கரிக்கட்டை ரொட்டி கண்ணில் பட்டது.

'நமக்கு ஒரு ரொட்டி ஒழுங்கா சுட முடியலை, ஊருக்குச் சமைக்கப் போறாங்களாம். பரிமாறுறதுக்கு முன்னாடி தானும் ஒரு வாய் பார்க்காமலா போயிடுவாங்க? அப்பத் தெரியட்டும்.'

"சரியா இருக்கு அத்தை."

"நிஜமாவா?"

"அதான் சொல்றேனே!"

"அப்பாடா!" என்று மாமியார் அடுப்பை அணைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

விடுதிக்காரம்மாள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். மருமகள் பையை மாட்டிக்கொண்டும் கிளம்பாமல் வாசற்படியிலேயே நின்றாள். மாமியார் சுடச்சுடக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். தான் ஒரு சொட்டுக்கூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

விடுதிக்காரம்மாள் ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகம் அஷ்டகோணலானது. ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"ஐயய்யோ, வேண்டாங்க! அது... யோசிச்சுச் சொல்லி அனுப்புறேன்."

செருப்பைச் சரியாக மாட்டக்கூட இல்லை, போயே போய்விட்டார்.

மாமியார் ஒன்றும் புரியாமல் வாசல்வரை போய்ப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, ஒரு கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். முகம் சுளிக்கவே இல்லை.

"பாவம், அவங்களுக்கும் உன்னை மாதிரி கீரை ஆகாது போல. இல்லேன்னா இதுல என்னம்மா குறை?"

மருமகள் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

"அத்தை... உப்பு..."

மாமியாரின் கை பாதியில் நின்றது.

"உப்பா? கூடவா, குறைச்சலா?"

"ரொம்பக் கூட அத்தை" என்று மருமகள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது?" மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன வருஷம் காய்ச்சல்ல படுத்தேனே, அதோட போச்சும்மா. வாடையும் தெரியாது, ருசியும் தெரியாது. மண்ணைத் தின்னாலும் ஒண்ணுதான். யார்கிட்டயும் மூச்சு விடலை. ருசியே தெரியாதவ சமைச்சா யாரு வாயில வைப்பாங்க, சொல்லு? நீ ஒருத்தி பார்த்துச் சொல்றியே, அது போதும்னு தைரியமா இருந்துட்டேன்."

"அத்தை, நான்... காலையிலேயே..."

அதற்குள் அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

மாமியார் எழுந்து வந்து, தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தார்.

"அட, நீ ஏம்மா அழறே? நீ பார்த்தப்போ சரியாத்தானே இருந்துது! கூறுகெட்டவ, நான்தான் அதுக்கப்புறம் மறந்துபோய் இன்னொரு தடவை போட்டிருப்பேன்."