மிதிக்க ஒராள்

“கார் எஞ்சினுக்குப் புதுக் கேம்ஷாஃப்ட் தண்டு போட்டிருக்கிறன், தம்பி. முதல் ஓட்டத்தில இருபது நிமிசம் எஞ்சின் வேகம் குறையக்கூடாது, குறைஞ்சால் தண்டு தேய்ஞ்சுபோம். நிண்ட இடத்திலேயே ஒராள் அக்சிலேட்டரை மிதிக்கவேணும், ஒராள் ஒயில் ஒழுகுதோ எண்டு பாக்கவேணும். தனிய ஏலாது,” என்று போனில் கெஞ்சினார் ஞானப்பிரகாசம்.

ஜெர்மனியில் அதே ஹம் நகரிலேயே இருந்தும் மாதக்கணக்காய் எட்டிப் பார்க்காத டெனிஸ்டன் வந்து மிதித்தான். எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் இருவரும் கத்திக் கத்திக் கதைத்தார்கள்.

“அடுத்த கிழமையும் வரவேணுமோ, அண்ணை?”

“இல்லை, இது ஒருக்காத்தான் செய்யிறது,” என்றார், குரல் இறங்கி. “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்.”

“நேரமில்லை அண்ணை, வாறன்.”

அவன் போனதும், கராஜ் மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்த கட்டையை வெளியே எடுத்தார். இருக்கைக்கும் அக்சிலேட்டருக்கும் நடுவே இறுக்க அளவாய் வெட்டிய கட்டை.

போன சனிக்கிழமை, அந்த முதல் ஓட்டத்தில், இருபது நிமிடமும் மிதித்தது அதுதான்.