முப்பதடித் தெரு

டேப்பில் இருந்தது முப்பத்தொன்று. மேஸ்திரி வாய்விட்டுச் சொன்னது, "முப்பது."

அவருக்குப் பின்னால் நின்றிருந்த இன்ஜினியரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி எட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்றேதான். மேஸ்திரியோ காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அட்டையில் சாவகாசமாக முப்பது என்று எழுதினார்.

தெருவின் எதிர்ப் பக்கம், கம்பியால் கட்டிய வளையத்தோடு டேப்பின் நுனியைப் பிடித்துக் குந்தியிருந்தாள் மேஸ்திரியின் தங்கை. அண்ணன் தலையசைத்ததும் எழுந்து அடுத்த ஓரக்கல்லுக்கு நகர்ந்தாள். அங்கேயும், மற்ற தெருக்களிலும் அதே கதை. டேப் முப்பத்தொன்று, வாய் முப்பது.

புது மனைப்பிரிவின் ஆறு தெருக்களும் இன்ஜினியரம்மா தன் கையால் வரைந்தவை. தனியாக அவளை நம்பி ஒப்படைக்கப்பட்ட முதல் வேலை. முப்பதுக்கு ஓர் அங்குலம் குறைந்தாலும் அதிகாரி கையெழுத்துப் போடமாட்டார். ஓர் அங்குலம் கூடினாலும் முதலாளிக்கு மூச்சு நின்றுவிடும். கையெழுத்து வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

இயல்பிலேயே அவள் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டை எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள். அப்படிப்பட்டவள் கண்ணெதிரேயே ஒருவர் ஓர் அடியை முழுங்கினால் விடுவாளா?

"மேஸ்திரி, மூணாவது தெரு எவ்வளவு வந்துச்சு?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"முப்பதும்மா. ஆறு தெருவும் முப்பதுதான். நூல் பிடிச்ச மாதிரி நிக்குது."

என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் மனை வாங்கியவர்கள் பட்டியலைப் புரட்டியபோது விஷயம் பிடிபட்டது. மூன்றாவது தெருவின் முனை மனையை வாங்கியிருந்தவர் மேஸ்திரியின் சகலை. சொந்தக்காரன் வீட்டு வாசல் அகலமாக இருக்கட்டும் என்று ஓர் அடியைத் தள்ளிவிட்டிருக்கிறார். ஒரு தெருவில் மட்டும் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று ஆறிலும் கைவரிசை.

நேரில் கேட்டால் உஷாராகிவிடுவார். அதனால் அவள் கேட்கவே இல்லை. நேராக முதலாளியிடம் போனாள்.

மறுநாள் காலையில் மேஸ்திரிக்குச் சீட்டுக் கிழிந்தது. "நான் என்னங்க தப்பு பண்ணேன்?" என்று கேட்டவரிடம், "அது உனக்கே தெரியும்" என்றார் முதலாளி. பதினெட்டு வருஷம் வேலை பார்த்த மனிதர், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்தார். இன்ஜினியரம்மாவுக்கு ஒரு கணம் என்னவோ போல் இருந்தது. திருடனுக்கெல்லாம் இரக்கப்பட்டால் பிழைப்பு நடக்குமா என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கொட்டகையில் கிடந்த அதே டேப்பை எடுத்து வந்தாள். இனி அளப்பது அவள்தான். தங்கைக்காரி நுனியைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"அம்மா, அண்ணன் இந்த டேப்பை..."

"அண்ணனுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டியா? நுனியைக் கல்லோட ஒட்டிப் பிடி, அது போதும். இல்லைன்னா நீயும் கிளம்பு."

தங்கைக்காரிக்கு இரண்டு பிள்ளைகள். நுனியைக் கல்லோடு ஒட்டிக்கொண்டு குந்தினாள்.

பத்து நாள் பம்பரமாய் வேலை நடந்தது. ஆறு தெருவிலும் ஒரு பக்கத்து ஓரக்கற்களைப் பெயர்த்து, உள்ளே நகர்த்தி நட்டு, சிமென்ட் பூசியாயிற்று. டேப்பில் கச்சிதமாக முப்பது. அவள் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

பதினோராம் நாள் அதிகாரி வந்தார். இறங்கியதுமே, "பழைய மேஸ்திரி எங்கம்மா? நல்ல அளவுக்காரராச்சே" என்றார்.

ஓகோ, இவரும் கூட்டா என்று உஷாரானாள் அவள்.

அதிகாரி தன் ஸ்டீல் டேப்பை விரித்தார். "இருபத்தொன்பது." அடுத்த தெரு. "இருபத்தொன்பது." மூன்றாவது தெருவையும் பார்த்துவிட்டு ஃபைலை மூடினார். "ஒரு அடி குறையுது. இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

முதலாளியின் பார்வை இன்ஜினியரம்மாவின் மேல் வந்து நின்றது.

"சார், உங்க டேப்புதான் சரியில்ல" என்றாள் அவள். யார் இவரை விலைக்கு வாங்கியிருப்பார்கள் என்பது அவளுக்கா தெரியாது?

"போன வாரம்தாம்மா சோதிச்சு முத்திரை போட்டுக் குடுத்தாங்க."

"அப்படின்னா எங்க டேப்புல பிடிச்சுப் பாருங்க. எல்லார் முன்னாலயும் பாத்துரலாம்."

தங்கைக்காரி எதிர்ப் பக்கம் போய் நுனியைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தாள். அதிகாரி குனிந்து படித்தார். "முப்பதுதான் காட்டுது" என்று நெற்றியைச் சுருக்கினார்.

"பாத்தீங்களா?" என்று இன்ஜினியரம்மா முதலாளியைப் பார்த்துத் தலை நிமிர்ந்தாள். "யாரு பொய் சொல்றாங்கன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?"

தங்கைக்காரி நுனியை விடாமலே மெல்ல எழுந்தாள்.

"முதல் அடி அறுந்துபோன டேப்பும்மா இது, அண்ணன் எப்பவும் ஒண்ணைக் கழிச்சுட்டுத்தான் சொல்வாரு."