திரைக்குப் பின்னால் மூன்று கிதார்கள்

“கண்ணை மூடிக்கிட்டா மட்டும் போதாது மாமா. நான் திரைக்கு அந்தப் பக்கம் வாசிக்கிறேன். நீங்க இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லுங்க,” என்றபடி மருமகன் ஒரு பழைய போர்வையைக் கொடியில் போட்டு இழுத்துவிட்டான்.

கிதார் பழுதுபார்க்கும் கடையின் பின்னறை அது. பழைய எலக்ட்ரிக் கிதார் பித்துப் பிடித்தவர்கள் ஞாயிறுதோறும் அங்கே கூடுவார்கள். கைப்பிடி உள்ள ஒரே நாற்காலியில் மாமனார் உட்கார்வார். அவர் தலையசைத்தால் அந்தக் கிதாருக்குப் பேர் வந்துவிடும். உதட்டைப் பிதுக்கினால், கொண்டுவந்தவர் அப்புறம் அதை உறையை விட்டே எடுக்கமாட்டார்.

போன வாரம் அவர், பழைய மாடலைப் பார்த்துச் செய்த ஒரு புத்தம் புது நகலை அறுபது வருஷத்துக் கிதார் என்று சொல்லிவிட்டார். ஞாயிறு தவறாமல் வரும் பல் டாக்டர் அதை மறக்கவில்லை. எழுபத்தாறு வயதாகிறது, காது என்ன இரும்பா, இனிமேல் வேறு யாராவது சொல்லட்டுமே என்று இன்று வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார். இரண்டு மூன்று தலைகள் ஆடின. மாமனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் மருமகன் புகுந்தான்.

“அதானே. இத்தனை வருஷமா கிதார் முதுகில பொறிச்சிருக்கிற நம்பரைப் பார்த்துக்கூட சொல்லியிருக்கலாம், யார் கண்டா? ஒரு சோதனை வெச்சுடலாம் டாக்டர்.”

கடையை நடத்தும் மகள் வேலையிலிருந்து நிமிர்ந்தாள். “வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்,” என்றாள் கணவனிடம், மெதுவாக.

ஏற்பாடு எளிது. அறுபது வருஷத்துக் கிதார் ஒன்று, முப்பது வருஷத்தது ஒன்று, போன மாதம் தொழிற்சாலையிலிருந்து வந்த நகல் ஒன்று. மூன்றுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே மெட்டு. எந்த வரிசையில் வாசிக்கப்போகிறான் என்பதை முன்னமே சீட்டில் எழுதிப் பையில் வைத்திருப்பதாக மருமகன் சொன்னான். தானும் கூட நிற்கட்டுமா என்று டாக்டர் கேட்டார். உள்ளே ஒரு ஆளுக்குத்தான் இடம் என்றுவிட்டான்.

“தப்பாச் சொன்னா நாற்காலி டாக்டருக்கு. சரியா மாமா?”

“சரி மாப்பிள்ளை,” என்றார் மாமனார்.

முதல் கிதார் ஒலித்தது. “முப்பது,” என்றார் மாமனார். தானும் அப்படித்தான் நினைத்ததாக டாக்டர் சொன்னார்.

இரண்டாவதை மாமனார் மறுபடியும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார். காதருகே கையைக் குவித்தவர், மகள் பார்ப்பது தெரிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டார்.

“நகல். கம்பியைச் சுண்டினதும் முந்திக்கிட்டு ஓடி வருது. பழசுன்னா கொஞ்சம் நின்னு நிதானமா வரும்.”

டாக்டருக்கும் அந்த அவசரம் இப்போது நன்றாகவே கேட்டது.

“மூணாவதை வாசிக்கணும்னு அவசியமே இல்ல, அறுபதுதான். ஆனாலும் வாசிங்க, கேட்போம்.”

வாசித்தான். கிதாரைச் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து வெளியே வந்து, சீட்டை டாக்டரிடம் நீட்டினான்.

டாக்டர் உரக்கப் படித்தார்: “முப்பது, நகல், அறுபது.” சீட்டைத் திருப்பியும் பார்த்தார். பிறகு அவரேதான் முதலில் கைதட்டினார். தனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை என்றார்.

மாமனார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “பாவம், மாப்பிள்ளையை யாரும் கிண்டல் பண்ணாதீங்க. கேட்கக் கேட்கத்தான் காது பழகும்.”

எல்லோரும் கிண்டல் செய்தார்கள். மகள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள், கணவனைத் தவிர.

அவன் வயர்களைச் சுருட்டத் திரைக்குப் பின்னால் போனான். பேன்ட் பைகளிலிருந்து இன்னும் ஐந்து சீட்டுகளை எடுத்தான். மூன்று கிதார்களை வேறு எந்தெந்த வரிசையில் சொல்ல முடியுமோ, அத்தனையும் சீட்டுக்கு ஒன்றாக எழுதியிருந்தான். ஒவ்வொன்றாகக் கிழித்து, கம்பி வந்த காலி உறைக்குள் திணித்துக் குப்பைக்கூடையில் போட்டான்.