கனமான பெட்டி

புனிதன் சொல்கிற அந்தக் கதையை ரவீந்திரன் இருபது வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலா சிலாங்கூர் கோப்பிக்கடையில் பசியாறக் கூடும் கூட்டாளிகள் எல்லாருக்கும் அந்தக் கதை மனப்பாடம். மேசைக்குப் புதிதாக ஒருவர் வந்துவிட்டால் போதும், புனிதன் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவான்.

அவன் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க் குலை வெட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு கூட்டாளிக்குக் கல்யாணம். கையில் டுயிட் இல்லை, ஒரு காசுகூட. வெறுங்கையோடு போனால் மானம் போய்விடும். பட்டணத்துச் சீனர் கடைக்குப் பின்னால் பீங்கான் தட்டு செட் வந்த காலிப் பெட்டி ஒன்று கிடந்தது. அதை எடுத்து வந்து, இரண்டு செங்கல்லைப் பழைய கைலியில் சுற்றி உள்ளே வைத்தான். ரோஜாப்பூ போட்ட காகிதத்தை ஒட்டினான். பெயர் எழுதவில்லை. மேடைக்குப் பக்கத்தில் குவிந்திருந்த பெட்டிகளோடு சேர்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

மூன்று வருஷம் கழித்து அவனுக்கே கல்யாணம். வந்த அன்பளிப்புகளைப் பிரித்தால், ஒன்றில் நீலக் காகிதத்துக்குக் கீழே அதே ரோஜாப்பூக் காகிதம். உள்ளே அதே செங்கல், அதே கைலி.

மேசையே சிரிக்கும். ரவீந்திரன் மட்டும் விடமாட்டார்.

“யாருடா குடுத்தது? பேரச் சொல்லு.”

“பேரெல்லாம் எதுக்கு லா. கைலி திரும்பி வந்துச்சு. அப்புறம் ரெண்டு வருஷம் கட்டினேன்.”

வீட்டுக்கு வந்த சாமானை மூன்று வருஷம் எந்த மனுஷனாவது பிரிக்காமல் வைத்திருப்பானா என்று ரவீந்திரன் கேட்பார். காகிதத்தின் மேலேயே காகிதம் ஒட்டுகிறவன் உலகத்தில் உண்டா என்பார். அவர் வைத்த ‘செங்கல் புளுகன்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. புனிதன் அதற்கும் சிரித்துக்கொள்வான்.

போன வருஷம் புனிதனின் மகளுக்கு நிச்சயம். பேச்சுவாக்கில் மாப்பிள்ளை வீட்டாரிடம், இவன் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று ரவீந்திரன் சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். புனிதனின் மனைவி குமுதா மட்டும் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது அவருக்குக் கொஞ்ச நாள் உறுத்தியது. ஆனாலும் பொய்யைப் பொய் என்று சொன்னதில் என்ன தப்பு என்று தேற்றிக்கொண்டார்.

போன மாதம் அவருடைய மகள் நித்தியா தலைப்பிரசவத்துக்கு ரவாங்கிலிருந்து வருவதாகச் சொன்னாள். மூன்றாவது அறையைக் காலி பண்ண வேண்டும். கதவைத் தோளால் இரண்டு முறை தள்ளிய பிறகுதான் திறந்தது.

மலிவு விற்பனையில் வாங்கிய சோற்றுப் பானை மட்டும் மூன்று. முள் ஓடாத சுவர்க் கடிகாரங்கள். அட்டை பிரிக்காத மேசைக் காற்றாடி. உடற்பயிற்சிக்கென்று வாங்கிய ஓடுகிற இயந்திரம், அதன் மேல் பழைய திரைச்சீலை. மனைவி தனேஸ்வரியை அவர் குறை சொல்ல முடியாது, பாதி அவர் வாங்கியது. எதற்கு வாங்கினோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு சோற்றுப் பானையைத் தூக்கி வாசலில் வைத்தார்.

தனேஸ்வரி அடியில் கிடந்த ஒரு பெட்டியை இழுத்து, மடியில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை ஒரு வீடு குடிபுகும் விசேஷம். பெட்டியில் ஏற்கனவே ஒட்டியிருந்த பழைய காகிதத்தின் மேலேயே புதுக் காகிதத்தைச் சுற்ற ஆரம்பித்தாள்.

ரவீந்திரன் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பழச ஏன் கிழிக்கல?”

“கிழிச்சா அட்டை பிஞ்சிரும்ங்க. பழைய சாமான்னு தெரிஞ்சிரும்.”

“உள்ள என்ன இருக்கு?”

“யாருக்குத் தெரியும்?”

“எப்பயிலேருந்து இப்படி?”

“நம்ம கல்யாணத்துக்கு வந்த பெட்டிங்கள்லேருந்தே அப்படித்தான். தூக்கிப் பாப்பேன். நல்லா கனமா இருந்தா, உங்களுக்கு ரொம்ப நெருங்கினவங்களுக்குன்னு எடுத்து வச்சிருவேன்.”

ரவீந்திரன் அந்த ஓடுகிற இயந்திரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துத்தான் புனிதனுக்குக் கல்யாணம். அப்புறம் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

புனிதன் இன்னமும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறான். கூடத்தில் ஒரு மேசை, நாலு நாற்காலி. மிச்ச இடமெல்லாம் வெறும் சிமெண்டுத் தரை. குமுதா கோப்பி கொண்டுவந்து வைத்தாள். கொல்லையில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த புனிதன் கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தான்.

“என்னடா, ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கே. புளுகு கேக்காம தூக்கம் வரலையா?”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தார் ரவீந்திரன். கோப்பியை ஒரு வாய் குடித்தார். கூட்டாளியின் முகத்தைப் பார்த்து, மெல்லக் கேட்டார்:

“புனிதா, உன் கல்யாணத்துக்கு நான் குடுத்த பெட்டியில என்னடா இருந்துச்சு?”