விசில் அடங்கும் நேரம்

அடுத்தவர் போட்ட மெட்டைக் கிட்டாரில் வாசித்து வெளியிட வேண்டுமென்றால், அதில் முப்பது சதவீதமாவது வாசிப்பவரின் சொந்தக் கை இருக்க வேண்டும். அதை அளந்து சொல்லப் பதிவுக் கருவியே இருக்கிறது. தூத்துக்குடி பியூலா, தேவசகாயம் போட்ட மெட்டு ஒன்றை வேகமாக வாசித்தாள், கருவி பதினொன்று என்றது. சுருதியை இறக்கி வாசித்தாள், ஒன்பது. "இதே மாற்றத்தை ஏற்கெனவே நாற்பதாயிரம் பேர் செய்திருக்கிறார்கள்" என்று வேறு சொன்னது.

"இரு, ஒனக்கு இருக்கு," என்றாள் பியூலா.

மூன்றாவது முறை பாதி வாசிக்கும்போது அடுப்படியில் குக்கர் விசிலடித்தது. பன்னிரண்டு வருடங்களாகச் சமையலுக்கு நடுவே வாசித்துப் பழகிய கை, வழக்கம்போலத் தானாக நின்றது. விசில் அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து மெல்ல எடுத்தது.

கருவி நாற்பத்தொன்று காட்டியது. "விசில் சத்தத்தை நீக்கவா?"

"சத்தத்த எடுத்துரு. நான் நின்ன நேரத்துல மட்டும் கைய வச்சே, அப்புறம் தெரியும் சேதி!"

அதை வெளியிட்டு ஒரு வாரம் கழித்து, மெட்டைப் போட்ட தேவசகாயமே சென்னையிலிருந்து அழைத்தார்.

"நடுவுல ஒரு எடத்துல நிறுத்துறியேம்மா, அதக் கேட்டதுலேர்ந்து என்னாலயும் அங்க நிறுத்தாம வாசிக்க முடியல. நிறுத்துனா, இது பியூலாவோடது, அவங்ககிட்ட அனுமதி வாங்குன்னு கருவி சொல்லுது. என் மெட்டும்மா!"

"தாராளமா வாசிங்க சார்," என்றாள் பியூலா. "எவ்வளவு நேரம் நிக்கணும்னு சந்தேகம் வந்தா, அடுப்புல பருப்ப வைங்க."